அப்பாயி அரைத்த சுண்ணாம்பு

ஞாயிற்றுக்கிழமை டிவியில் கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பழுது பார்ப்பதைக் காட்டினார்கள். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை! சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசினால் சுவர் கண்ணாடி மாதிரி மின்னுமாம். "இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்" என்றார்கள்.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி, "சித்தாளா இருந்தப்ப நான் அரைக்காத சுண்ணாம்பா? மஞ்சக்கருவை நாங்கதான் பொரிச்சுத் தின்போம்" என்றார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை நாள் நான் கேட்டதே இல்லையே!

நம் ஊர்க் கோவில் கொடுங்கை கல்லால் ஆனது, நிற்கும். கைப்பக்குவம் ஆளோடு போய்விடும். அப்பாயிக்கு இப்போதே மறதி அதிகம். தினமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுகிறேன். தோழிகளே, நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி