நகத்தருகே ஒரு சாளரம்

கலைப்பீடத்திற் பயிலும் ஒருவன் மயிர்த்துளைக் குழாய்களைப் பற்றி எழுதப் புகுவதேன் என வாசகர் வினவக்கூடும். அவை என் குடும்பத்தினூடாகவே என் சிந்தனைக்குள் வந்தன.

பெரியம்மாவின் மகளாகிய அக்காவிற்குக் குருதிப் புற்றுநோய் கண்டபோது, அவருடைய உடன்பிறந்த தம்பியே என்பு மச்சையை ஈந்தார். நோய் அகன்றது. ஆயின், ஓராண்டு கழிந்தபின் அக்காவின் தோல் தடித்து இறுகலாயிற்று. விரல் மடக்கிச் சோறு பிசைவதும் அவருக்கு அரிதாயிற்று. ஈந்தவரின் நிர்ப்பீடனக் குழியங்கள் புதிய உடலை அந்நியமெனக் கொண்டு தாக்குவதே இதற்குக் காரணம். விருந்தாக வந்ததே வீட்டாரைப் பகைக்கும் விந்தை இது. “என்ரை இரத்தமெல்லோ அக்காவைப் படுத்துது” என்று தம்பி ஒருநாள் கூறியபோது எம்மில் எவரும் விடை பகர்ந்திலர்.

தோலின் இறுக்கத்தை மருத்துவர் விரல்களாற் கிள்ளியே மதிப்பிடுவர். ஒருவர் மதிப்பீடு மற்றொருவருடையதோடு முற்றும் ஒத்திராது. தோல் இறுகிய பின்னரே அஃது உணரவும்படும். ஆகவேதான் நகமடிப்பை நோக்கும் முறை ஆராயப்படுகிறது. ஏனைய இடங்களில் மயிர்த்துளைக் குழாய்கள் நிமிர்ந்து நிற்பதால் நுனி மாத்திரமே புலப்படும். நகத்தின் அடியிலோ அவை மேற்பரப்புக்குச் சமாந்தரமாகக் கிடப்பதால் முழு வளைவும் தெரியும். ஒரு துளி எண்ணெய் இட்டு, ஏறத்தாழ 200 மடங்கு பெருப்பிக்கும் நுணுக்குக்காட்டியால் நோக்கின், கொண்டையூசிகளை நிரையாக அடுக்கியது போன்ற காட்சி தோன்றும். நிரை கலைதல், வளைவு வீங்குதல், இடையிடையே வெறுமை, குருதிக் கசிவு ஆகியன கேட்டின் அறிகுறிகள்.

1628 இல் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய ஹார்வி இக்குழாய்களைக் கண்டாரல்லர். 1661 இல் மல்பீகியே தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டார். இன்று தோலைக் கீறாமலே நாம் காண்கிறோம். உடலெங்கும் தோல் வன்மையுறும் வேறொரு நோயை வகைப்படுத்த 2013 இல் வகுக்கப்பட்ட சர்வதேச அளவுகோலில் இக்குழாய்களின் மாற்றமும் இடம்பெற்றது. மச்சை மாற்றின்பின் நேரும் இறுக்கம் அந்நோயை ஒத்தது. எனினும், இங்கு அது துணைச் சான்றேயன்றித் தீர்ப்பன்று. எம் போன்ற கருநிறத்தோரின் தோலில் இக்காட்சி தெளிவு குன்றியே தெரியும் என்பதையும் மறத்தலாகாது.

தாக்கும் அக்குழியங்களே எஞ்சிய புற்றுக் குழியங்களையும் அழிக்கின்றன. எனவே மருத்துவர் அவற்றை ஒழிக்க முயல்வதில்லை, அடக்கவே முயல்கின்றனர். மிகுதியாக அடக்கின் தொற்றுநோய் புகும். குறைவாக அடக்கின் தோல் இறுகும். அந்த அளவை அறிதற்கே இத்தகைய பார்வை வேண்டும். தம்பிக்கு நான் சொல்ல விரும்பும் விடையும் இதுதான்: அக்காவை வருத்தும் அக்குருதியே அவரைக் காத்தும் நிற்கிறது.