பெற்றதைப் பேணல்

ஈட்டுவதினும் ஈட்டியதைக் காத்தலே அரிது என்பது செல்வத்துக்கு மட்டுமன்றி உடம்பின் எடைக்கும் பொருந்தும். விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய மலர்க் குழுவினர் இலக்கியப் பொருளொன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். எனினும், பழைய மாணவர் பலர் எம்மைக் காணுந்தோறும், "சேர், எப்படி இவ்வளவு மெலிந்தீர்கள்?" என்றே வினவுகின்றனர். அவர்கள் வினவாததும் அதனினும் பயனுள்ளதுமாகிய வினாவொன்றுக்கு இங்கு விடை கூற விழைகின்றோம். மெலிந்தபின் அந்நிலையில் நிற்பது எங்ஙனம்?

நாம் பொரளையில் வாழ்பவர். கல்லூரிக்குச் செல்வதும் மீள்வதும் பேருந்தில், இடைவேளையில் சீனி மிகுந்த பால் தேநீர், மாலையில் திருத்துவதற்குக் கொப்பிக் கட்டு, இரவில் பிட்டு. இவ்வாறு கழிந்த வாழ்வின் பயனாக, நாற்பதாம் அகவையில் எமது எடை 84 கிலோகிராமாயிற்று. உயரமோ 165 சென்ரிமீற்றர். குருதியிற் சீனி எல்லையை எட்டிவிட்டதென மருத்துவர் எச்சரித்தார். எம் தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்தவராதலின், அச்சொல் எம்மை உலுக்கிவிட்டது. எட்டு மாதம் உணவைச் சுருக்கி, நாள்தோறும் நடந்து, 70 கிலோகிராமுக்கு இறங்கினோம். அவ்வாண்டுப் பழைய மாணவர் ஒன்றுகூடலிற் பெற்ற பாராட்டுகளால் உள்ளம் பூரித்தோம்.

பணி முடிந்ததென்று எண்ணியதே எமது பிழை. நடையை விட்டோம், தராசை அலுமாரியின் அடியிலே தள்ளினோம். பதினொரு மாதத்தில் எடை 79 ஆயிற்று. மறு ஆண்டு ஒன்றுகூடலுக்கு அழைப்பு வந்தபோது, தலைவலியென்று பொய் கூறி வீட்டிலிருந்துவிட்டோம். வகுப்பிலே வாய்மையைப் போதிக்கும் நாம் எடைக்கு அஞ்சிப் பொய்யுரைத்தோம். அன்றிரவு கொண்ட நாணம் இன்றும் நினைவிலுளது.

மன உறுதியின்மையே இதற்குக் காரணமென்று நெடுநாள் எம்மையே நொந்துகொண்டோம். பின்னர் மருத்துவர் விளக்கியபோதுதான், உடம்பும் தன் பழைய எடையை மீட்க முயல்கின்றதென அறிந்தோம். நியூயோர்க்கிலே லைபெல் என்பாரும் துணைவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, எடை பத்திலொரு பங்கு குறைந்தவரின் உடம்பு, அவ்வெடைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவினும் குறைவான சக்தியையே செலவிடுகின்றதெனக் காட்டிற்று. மெல்பேணிலே ஐம்பது பேருடன் தொடங்கிப் பிரியா சுமித்திரன் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வோ, எடை குறைந்து ஓராண்டு கழிந்த பின்னரும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லையெனக் கண்டது. ஆகவே, மெலிந்தவன் முன்னையினும் மிகுதியாகப் பசிக்கின்றான். அவனுக்கு வேண்டிய உணவோ முன்னையினும் குறைவு. இதனை அறியாது அவனைச் சோம்பனென்று பழிப்பது முறையன்று.

அங்ஙனமாயின் காத்தல் இயலாததா? இயலும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, 30 இறாத்தலேனும் குறைத்து ஓராண்டேனும் காத்தவர்களைப் பதிந்து வந்தது. அவர்களுள் நூற்றுக்கு 75 பேர் வாரம் ஒரு முறையேனும் தம்மை நிறுத்தனர். 90 பேர் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தனர். அரிய மருந்தன்று, வழுவாத வழக்கமே அவர்களைக் காத்தது.

இதனை உணர்ந்தபின் மீண்டும் எடையைக் குறைத்து, மூன்றாண்டாக 71 கிலோகிராமளவில் நிற்கின்றோம். எமது வழக்கங்கள் எளியன. ஞாயிறு காலை தோறும் நிறுத்து நாட்குறிப்பில் எழுதுவோம். 73 ஆயின் அவ்வாரமே சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் வல்லாரைச் சம்பலையும் மிகுப்போம். விடியலிற் கெம்பல் பூங்காவைச் சுற்றி நடப்போம். மாலையில் இரண்டு தரிப்பிடம் முன்னரே பேருந்தை விட்டிறங்குவோம். தேநீரிற் சீனி இல்லை. மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு 2016இல் எம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சிவப்புக் குறியுள்ளதை நாம் வாங்குவதில்லை. வெள்ளவத்தையிற் கலியாண வீடென்றால் மனநிறைவுடன் உண்போம். ஆனால் அடுத்த வேளை வழமைக்கு மீள்வோம். ஒரு வேளை விருந்து எவரையும் கெடுப்பதில்லை. விருந்தை வழக்கமாக்குவதே கெடுப்பது.

ஆசியருக்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினால் விழிப்பு வேண்டுமென உலக சுகாதார தாபனத்தின் அறிஞர் குழு 2004இல் உரைத்தது. நாம் இன்னும் அவ்வெல்லைக்கு அப்பாலேதான் நிற்கின்றோம். ஆயினும் மனம் தளரவில்லை. அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டு நீரிழிவு தோன்றுவதை நூற்றுக்கு 58 பங்கு குறைத்ததாக 2002இல் அறிவித்தது. எமது குருதிச் சீனியும் எல்லைக்குள் நிற்கின்றது. தந்தையார் இழந்த காலை எண்ணும்போது, அதுவே எமக்குப் பெரும்பேறு.

இலக்கண ஆசிரியராதலின் ஒன்று சொல்வோம். எடை குறைத்தலை வினைமுற்றென்று நாம் கருதினோம், அது வினையெச்சமே. 'குறைத்து' என்பதோடு வாக்கியம் முடிவதில்லை. 'காத்தல்' வந்தே அதனை முடிக்க வேண்டும். மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு உண்ணும் முறையையே பேசுவதும் இதனாற்போலும். அளவறிந்து உண்ணல் ஒருநாள் நோன்பன்று; வாழ்நாள் ஒழுக்கம்.

மாணவர்காள்! உடல் பருத்த தோழனை எள்ளாதீர். மெலிந்து மீண்டும் பருத்தவனை அதனினும் எள்ளாதீர். அவன் ஒன்றுகூடலுக்கு வாராதிருப்பின், அவன் வீட்டுக்குச் சென்று உங்களோடு நடக்க அழையுங்கள். பழைய மாணவ நண்பர்காள்! இக்கல்லூரியை நிறுவியோர் ஒருமுறை நிறுவினர். நீவிரோ ஆண்டுதோறும் பேணி வருகின்றீர். அப்பேணுதலின் பயனே இவ்விழா. நிறுவியோரை வாழ்த்தும் இந்நாளிற் பேணியோரையும் வாழ்த்துவோம். இவ்வாண்டு ஒன்றுகூடலுக்கு நாமும் தவறாது வருவோம். எடை எதுவாயினும் வருவோம்.