தலை காயும் வரை



இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் எழுதி வந்தவள், தலையிலிருந்து வரும் வாடையைப் பற்றி எழுதுகிறாளே என்று தோன்றலாம். ஆயினும் தலையை மறைத்து வாழும் பெண்கள் நிறைந்த நம் வீடுகளில், இது பலருக்கும் உள்ள தொல்லை. எவரும் வாய் திறந்து பேசாத தொல்லை. அதைப் பேசத் தெரியாமல் ஒரு பிள்ளையின் மனத்தை நான் நோகச் செய்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மக்தப் காலை ஆறரை மணிக்குத் தொடங்கும். தாழ்ந்த கூரையுள்ள ஒரே அறை. முப்பதுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள். எட்டு மணிக்கு ஓதல் முடிந்ததும் அப்படியே பள்ளிக்கூடம் செல்வார்கள். சென்ற ஆண்டு, பதினொரு வயதுள்ள ஒரு பிள்ளையின் இருபுறமும் இடம் காலியாகவே இருப்பதைக் கவனித்தேன். கிதாபைக் கையில் வாங்கிப் பாடம் கேட்க அவள் அருகில் வந்தபோது காரணம் புரிந்தது. புளித்த மோரும் பழைய எண்ணெயும் கலந்தாற்போன்ற ஒரு வாடை அவளது மக்கனாவிலிருந்து வந்தது.

மறுநாள், தூய்மையை ஈமானோடு இணைத்துக் கூறும் நபிமொழியைப் பாடமாக எடுத்தேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. குளிக்காமல் வருவதும் தலையைப் பேணாமல் வருவதும் முஸ்லிமுக்கு அழகன்று, பக்கத்தில் இருப்பவருக்கும் மலக்குகளுக்கும் அது தொல்லை என்றெல்லாம் விளக்கினேன். சொன்னது எல்லாருக்கும்தான், ஆனால் என் பார்வை ஒருத்தியின்மீதே இருந்தது. முப்பது பிள்ளைகளின் பார்வையும் என் பார்வையைப் பின்தொடர்ந்து அங்கேயே சென்று நின்றது. அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரத்தின் ஜும்ஆ நாளில் நடந்ததைச் சொல்ல எனக்குச் சற்று நாணமாகவே இருக்கிறது. மதிய உணவுக்குப் பின் என் மகளின் மடியில் தலை வைத்துப் படுத்தேன். நரை முடியைத் தேடிக்கொண்டிருந்தவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உம்மா, ஒங்க தலையில வாடை வருது" என்றாள்.

"இன்னைக்கு வேர்த்திருக்கும்" என்றேன்.

"இல்லம்மா. ரொம்ப நாளாவே வருது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தவறாமல் குளிப்பவள் நான். ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்கும் ஊற்றுபவள். மக்கனாவுக்குள் அணியும் தொப்பியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதே வாடை. அந்தப் பிள்ளையிடம் எந்த வாடையைக் கண்டு பாடம் நடத்தினேனோ, அதே வாடை! அது என்னிடமிருந்து வந்தபோது என் மூக்கு ஏன் அதைச் சொல்லவில்லை? இடைவிடாமல் கூடவே இருக்கும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். அத்தர்க் கடையில் நாள் முழுவதும் நிற்பவருக்கு அத்தர் மணம் தெரியாதது போலத்தான். தன் தலையின் வாடையைத் தானே அறிவது கடினம். தொப்பியும் தலையணை உறையும்தான் சாட்சி சொல்லும்.

வெட்கத்தை விட்டுத் தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அந்த அம்மையார் கேட்ட முதற் கேள்வி, "தலைக்கு எப்போது குளிக்கிறீர்கள்?" என்பதன்று. "தலை எப்போது காய்கிறது?" என்பதே. எனக்கு விடை தெரியவில்லை. ஸுப்ஹுக்கு முன் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, தொப்பி அணிந்து, அதன்மேல் மக்கனாவைச் சுற்றி மதரஸாவுக்கு வருபவள், லுஹருக்கு உளூச் செய்யும்போதுதான் அவற்றைக் கழற்றுகிறேன். அப்போதும் முடிச்சு அவிழ்வதில்லை. இரவில் அவிழ்த்தால் அடிமுடி சில்லென்று இருக்கும். பல ஆண்டுகளாக என் தலை காயவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் விளக்கிய செய்தி இதுதான். நம் தலைத்தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் மிகுதி. அந்த எண்ணெயை உண்டு வாழும் மலசீஸியா என்னும் ஒருவகைப் பூஞ்சை ஏறக்குறைய எல்லாருடைய தலையிலும் உண்டு. அது இருப்பது நோயன்று. ஆனால் ஈரமும் வெப்பமும் காற்றில்லாத மூட்டமும் ஒன்றுசேர்ந்தால் அதுவும் வேறு நுண்ணுயிர்களும் பெருகிவிடும். அவை எண்ணெயையும் வேர்வையையும் சிதைக்கும்போதுதான் அந்தப் புளித்த வாடை பிறக்கிறது. அரிப்பும் பொடுகும் சேர்ந்து வரும். ஆகவே வாடை வருபவர் குளிக்காதவர் என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் பிழை. அடிக்கடி குளித்துவிட்டு உலர்த்தாமல் மூடுபவருக்கே இது மிகுதி.

அவர் கூறியதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் என் நினைவெல்லாம் அந்தப் பிள்ளையின்மீதே இருந்தது.

அன்று அஸருக்குப் பின் அவள் வீட்டுக்குச் சென்றேன். தாய் மட்டும்தான், வாப்பா வெளிநாட்டில். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாள்களில் உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அந்நீரில் சோப்பு நுரைக்காது. அழுக்கையும் நீக்காமல், வெண்மையான ஒரு படிவாகத் தலையிலேயே தங்கிவிடும். அந்தத் தாய் என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். "நான் தெனமும் எண்ணெய் வச்சு, தலைக்கு ஊத்தித்தான் அனுப்புறேன் ஆலிமா. புள்ள மேல வாடை வருதேன்னு இப்ப ரெண்டு பங்கு எண்ணெய் வைக்கிறேன்" என்றார். விடியலில் குளித்த தலை, ஈரத்தின்மேல் எண்ணெய், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, அதன்மேல் நைலான் மக்கனா. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். மாலை ஐந்துக்கு வீடு. அவள் தலை எப்போது காயும்? என் மாணவிகளிலேயே மிகுதியாகக் குளிக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் நான் குளிப்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

சடையை அவிழ்த்துப் பார்த்தபோது வகிட்டோரம் மஞ்சள் நிறத்தில் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. மறுநாள் நானே உடன் சென்று அரசு மருத்துவமனையில் காட்டினேன். கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பு கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள், நான்கு வாரம். கூந்தலில் தேய்ப்பதைவிடத் தலைத்தோலில் படும்படி விரல் நுனியால் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நன்றாக அலச வேண்டும். தடவியவுடன் அலசிவிட்டால் மருந்து வேலை செய்யாது என்பதை இரண்டு முறை வலியுறுத்தினார்கள். செதில் நீங்கும் வரை இரவு முழுவதும் எண்ணெய் ஊற வைப்பதை நிறுத்தவும் சொன்னார்கள். கடைசி அலசலுக்காவது குடிநீர் ஒரு குடம் எடுத்து வைக்கச் சொல்லி நான் தாயிடம் கூறினேன். சீப்பு, தொப்பி, துண்டு, தலையணை உறை இவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டாக வேண்டும். தலையைத் தூய்மையாக்கிவிட்டுப் பழைய தொப்பியையே அணிந்தால் பயன் என்ன?

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தாலோ, சீழ் வைத்திருந்தாலோ, கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ அது வேறு நோய். அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, உள்ளே மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். பேன் கடித்துச் சொறிந்து புண்ணான தலையும் நாறும். இவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்கள் சிறியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது நம்மில் வழக்கமில்லை. அதனால் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. "என் தலையிலயும் இதே வாடைதான் வந்துச்சு. எனக்கே தெரியல. என் மக சொன்னா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "ஒங்களுக்குமா ஆலிமா?" என்றாள். அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. எனக்கு அதுவரை தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் நான் ஓதிய கிதாபுகளையே மீண்டும் புரட்டினேன். ஜும்ஆ நாளில் குளிக்கும்படி ஏவப்பட்ட பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது. பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அன்றுதான் அது என்னைத் தொட்டது. மக்கள் உழைப்பாளிகள், கம்பளி ஆடை அணிந்தவர்கள், முதுகில் சுமை சுமந்தவர்கள். பள்ளிவாசலோ சிறியது, கூரை தாழ்ந்தது. வெப்பமான ஒரு நாளில் வேர்வையின் வாடை எழுந்து ஒருவருக்கொருவர் தொல்லையாயிற்று. நபி (ஸல்) அவர்கள் அதை உணர்ந்தபோது, மக்கள் அனைவரையும் விளித்து, இந்நாளில் குளியுங்கள், உங்களிடமுள்ள நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் கூறினார்கள். உழைத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லும் அதில் இல்லை. தாழ்ந்த கூரையும் நெருக்கமும் எங்கள் அறையிலும் உண்டு. அந்தப் பார்வைதான் என்னிடம் இல்லாமல் போயிற்று.

முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற கருத்திலும் நபிமொழி வந்துள்ளது. இஃதிகாஃபில் இருந்த நாளிலும் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலிருந்து தலையை நீட்ட, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறையிலிருந்தபடியே வாரிவிட்டார்கள். தலையைப் பேண நேரம் ஒதுக்குவது வீண் அலங்காரம் என்று எண்ணும் சகோதரிகளுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

குளிப்புக் கடமையானவர்கள் விடியலில் தலையை நனைத்தே ஆக வேண்டும். அதைத் தள்ளிப்போட வழியில்லை. மற்ற நாள்களில் தலைக் குளியலை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றிக்கொண்டேன். சடையை அவிழ்க்காமலே குளிப்பை நிறைவேற்ற அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸில் சலுகை உண்டு. வேர்க்கால்களுக்கு நீர் சேர்ந்தால் போதும். ஆனால் அந்தச் சலுகை குளிப்புக்குத்தான். நனைந்த சடையை அன்று முழுவதும் அப்படியே மூடிவைக்க எவரும் சொல்லவில்லை. பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, விசிறிக் காற்றில் கோதிவிட்டு, அடிமுடி காய்ந்த பிறகே முடியுங்கள். அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்தால் தளர்வாக மூடிச் சென்று, பெண்கள் மட்டும் உள்ள இடம் சேர்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள். உளூவில் மஸஹு என்பது ஈரக் கையால் தடவுவது. சிலர் அள்ளி ஊற்றிக்கொள்கிறார்கள். அதுவும் ஐந்து வேளைக்கு ஐந்து நனைப்பாகிவிடுகிறது.

அத்தரைத் தொப்பியில் தடவும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். பெண்கள் பிறர் நுகரும்படி மணம் பூசி வெளியே செல்வது தடுக்கப்பட்டிருப்பது ஒருபுறம் இருக்கட்டும். புளித்த வாடையும் அத்தரும் கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

என் உம்மும்மா வெள்ளிக்கிழமை தோறும் எங்களைச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். பிறகு தணலில் சாம்பிராணி போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, எங்கள் கூந்தலை அக்கூடையின்மீது பரப்பிவிடுவார். அசைந்தால் முதுகில் ஓர் அடி விழும். வாடை போனது சாம்பிராணி மணத்தால் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அடிமுடி காயும் வரை அந்தச் சூட்டில் நகராமல் உட்கார வைத்ததுதான் அவருடைய வைத்தியம் என்று இப்போது தோன்றுகிறது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குப் புகை ஆகாது. வெயிலும் விசிறியும் போதும்.

இப்போது மக்தப்பில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, ஈரத் தலையோடு வரும் பிள்ளைகளை முதல் இருபது நிமிடம் விசிறியின் கீழே கூந்தலை விரித்து உட்காரச் செய்கிறேன். தலை திறந்து குர்ஆன் ஓதலாமா என்று ஒரு தாய் வினவினார். ஓதுவதற்குத் தலையை மறைப்பது நிபந்தனையன்று என்று விளக்கினேன். அவர் மனம் ஒப்பவில்லை. சரி என்று, அந்த இருபது நிமிடத்தை நபிமார்களின் வரலாற்றுப் பாடத்துக்கு ஒதுக்கிவிட்டேன். பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போயிற்று. தலை காய்ந்தவர்களும் காயவில்லை என்று சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளை இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். நான்கு வாரத்தில் செதில் உதிர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். சென்ற வாரம் யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறு முடிந்து ஓதல் தொடங்க வேண்டிய நேரத்தில், பக்கத்தில் இருந்த பிள்ளை அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அதட்ட வாயெடுத்தேன். பின்னி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.