லோரியானில் பத்து மாதம் – 4: 'நீ' என்று சொல்ல ஐந்து மாதம்

பிரான்சின் லோரியானில் ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் தங்கிப் படித்துவிட்டு நாவலூருக்குத் திரும்பி வந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அந்த வீட்ல உன்னை நல்லா வச்சிக்கிட்டாங்களா?" அடுக்ககத்து மாமிகள் கேட்டார்கள். பழைய சுங்கச்சாவடிப் பக்கத்து டீக்கடை அண்ணன் கேட்டார். "ஒரு வருஷம் படிப்பு வீணாப் போச்சே" என்று புலம்பிய பெரியப்பாவும் கடைசியில் அதைத்தான் கேட்டார். ஆமாம் என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் நல்லா வச்சிக்கிறது என்றால் நம் ஊரில் ஒரு அர்த்தம், அந்த வீட்டில் வேறு அர்த்தம். அது எனக்கு உறைக்க ஐந்து மாதம் ஆனது.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். "மாசம் எவ்ளோ குடுத்தீங்க?" என்பது இரண்டாவதாக வரும் கேள்வி. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. பயணம், காப்பீடு, ஏற்பாடு எல்லாவற்றுக்கும் அப்பா கட்டிய தொகை ஏ.எஃப்.எஸ். அமைப்புக்குப் போனது. தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் கொடுத்த வீடு அதைச் சும்மாதான் கொடுத்தது. அந்த அமைப்பின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் பிரான்சின் போர்முனையில் காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றிப்போன அமெரிக்கத் தொண்டர்கள் உருவாக்கிய ஆம்புலன்ஸ் சேவை அது. இரண்டாம் போர் முடிந்தபின் 1947-ல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பும் வேலையில் இறங்கியது. ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் ஒருவரை ஒருவர் சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் முதலீடு.

மேசை என்றேனே, என் பாடு அங்கேதான் ஆரம்பித்தது. இரவு ஏழரைக்கு வீட்டில் இருக்கும் எல்லாரும் உட்கார வேண்டும். கத்தி வலது கையில், முள்கரண்டி இடது கையில். பதினாறு வருடம் "இடது கையால சாப்பாட்டைத் தொடாதே" என்று வளர்த்த பிள்ளை நான். முதல் வாரம் முழுக்க வலது கையால் வெட்டுவேன், கத்தியைக் கீழே வைப்பேன், முள்கரண்டியை வலது கைக்கு மாற்றுவேன், பிறகு வாயில் வைப்பேன். எல்லாரும் பாலாடைக்கட்டிக்குப் போய்விடுவார்கள், நான் இன்னும் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அந்த வீட்டுப் பன்னிரண்டு வயதுத் தம்பி மட்டும் நாற்காலியில் நெளிவான்.

சாப்பிட்டதும் தட்டைத் தூக்கப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் போகவில்லை. நாவலூர் வீட்டில் என் தட்டை அக்காதான் எடுப்பாள். அங்கேயும் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். மூன்றாம் நாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கிழமைவாரியாகக் கட்டம். மேசை போடுவது, மேசை துடைப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வது, பொழுது சாய்ந்ததும் சன்னலின் வெளிக்கதவுகளைச் சாத்துவது. அந்த வீட்டு அப்பாவின் பெயர், தம்பியின் பெயர், நடுவில் என் பெயர். செவ்வாயும் வெள்ளியும் மேசை துடைப்பது என் முறை.

எனக்குச் சுருக்கென்றது. வந்த விருந்தாளியை வேலை வாங்குவார்களா? அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளுக்கும் மனசு கேட்கவில்லை. "வீட்ல ஒரு டம்ளர்கூட கழுவினதில்லையேடா" என்றாள். அது என் பெருமை இல்லை என்று எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

அடுத்த சிக்கல், எப்படிக் கூப்பிடுவது. நான் வந்த அன்றே அந்த வீட்டு அம்மா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிவிட்டார், 'தூ' போட்டுப் பேசு என்றும் சொன்னார். பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். பள்ளியில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவன் நான். பத்தியை மொழிபெயர்ப்பேன், வினைச்சொல் அட்டவணையைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். ஆனால் என் அம்மா வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிட நாக்கு எழவில்லை. 'வூ' போட்டால் அவர் முகம் லேசாக வாடியது, என்னைத் தள்ளி நிறுத்துகிறாயா என்பதுபோல. அதனால் நம் ஊர்த் தந்திரத்தைக் கையில் எடுத்தேன். புதுச் சொந்தக்காரரை நீ என்பதா நீங்க என்பதா என்று குழம்பும்போது "சாப்பாடு ஆச்சா?", "எங்க, வெளியிலயா?" என்று ஆளே இல்லாமல் பேசுவோமே, அதைப் பிரெஞ்சில் செய்தேன். "உப்பு இருக்கிறதா?" "நாளைக்கு மழை வருமோ?" இப்படியே ஐந்து மாதம் தள்ளினேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே ஒரு மணி, நாவலூரில் மாலை ஐந்தரை. மேசையிலேயே எடுத்துப் பேசினேன். அந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, போனை மேசைக்குக் கொண்டுவராதே என்று எத்தனை தடவை சொல்வது என்று ஒரு அதட்டல் போட்டார். காது சிவந்துவிட்டது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாராவது சமாதானப்படுத்த வருவார்கள் என்று பார்த்தால், மூன்று மணிக்கு அந்த அப்பா கதவைத் தட்டி, "கோட்டு எடுத்துக்கோ, படகுக்கு நேரமாச்சு" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

லோரியான் படத்தில் பார்த்த பிரான்ஸ் இல்லை. ஜெர்மானியர்கள் அங்கே நீர்மூழ்கித் தளம் கட்டியதால், 1943-ன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நகரத்தைத் தரைமட்டமாக்கின. இப்போதிருப்பது பெரும்பாலும் பிறகு கட்டிய கான்கிரீட் ஊர். படகில் அக்கரை போனால் போர்-லூயி கோட்டை, அதற்குள் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகம். அன்று போனது அங்கேதான். லோரியான் ஊரே 1666-ல் அந்தக் கம்பெனிக்காகப் பிறந்தது. பெயருக்கே கிழக்கு என்றுதான் பொருள். அங்கிருந்து கிளம்பிய கப்பல்கள் புதுச்சேரிக்கு வந்து துணி ஏற்றிப் போயின. கண்ணாடிக்குப் பின்னால் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள். உள்ளூர் நெசவு பிழைக்க வேண்டும் என்று 1686 முதல் 1759 வரை இந்த மாதிரி அச்சுத் துணிக்கே பிரான்ஸ் தடை போட்டிருந்தது. அந்த அப்பா கேட்டார், "இந்தச் சிவப்பு எதிலிருந்து எடுக்கிறார்கள்?" நான் விழித்தேன். சாயவேர் என்று பதில் தெரிய நான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம். எத்தனை முறை போயிருப்பேன், கடற்கரையில் படம் எடுக்க மட்டும்.

திரும்பும் படகில் தம்பி சொன்னான்: போன வாரம் இதே காரணத்துக்கு அவன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். "உனக்குப் பரவாயில்லை" என்றான் பொறாமையோடு. அவனுக்கு விழுகிற அதே திட்டுதான் எனக்கும் விழுந்திருக்கிறது. விருந்தாளியை யாரும் திட்டுவதில்லையே.

பிப்ரவரி 2 அங்கே க்ரேப் சுடும் நாள். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறுகையால் க்ரேப்பைச் சுண்டித் திருப்பினால் வருடம் முழுக்கப் பணத்துக்குக் குறைவிருக்காது என்பது நம்பிக்கை. அந்த வீட்டில் 'பிலிக்' என்ற வட்ட இரும்புக்கல் உண்டு, நம் தோசைக்கல்லைவிடப் பெரியது, விளிம்பு இல்லாதது. மாவைத் தேய்க்கக் கரண்டி கிடையாது. 'ரொசெல்' என்று ஒரு மரத்துண்டு, குறுக்குக் கட்டை வைத்த குச்சி மாதிரி. கறுப்புக் கோதுமை மாவை ஊற்றி அதைக் கையில் கொடுத்தார்கள். முதல் இரண்டும் கிழிந்தன. மூன்றாவதில் மணிக்கட்டுக்குப் பழக்கம் வந்துவிட்டது, நடுவிலிருந்து வெளியே, அம்மா தேய்ப்பதுபோலவே. "எங்கே கற்றாய்?" என்று கேட்டபடி அந்த அம்மா கல்லின் ஓரத்தில் கையை ஊன்றப் போனார். கத்திவிட்டேன்: "கையை எடு, சுட்டுக்குவே!"

'தூ' போட்டுத்தான் கத்தியிருந்தேன். தம்பிதான் முதலில் கவனித்துக் கைதட்டினான். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுத்த கரண்டி மாவை ஊற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது ஆவியாலும் இருக்கலாம். அந்த அப்பாவுக்கு 'தூ' வர இன்னும் ஒரு மாதம் ஆனது. அதிலென்ன வியப்பு, நாவலூரிலும் அம்மா எனக்கு 'நீ', அப்பா 'நீங்க'தானே.

ஜூலையில் வீடு திரும்பிய முதல் ராத்திரி, சாப்பிட்டு முடித்ததும் என் தட்டையும் அக்கா தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். அம்மா பதறிப்போய், "வைடா, இப்பதானே வந்திருக்கே" என்றாள். அக்கா மட்டும் சாய்ந்து உட்கார்ந்து, "அப்படியே சிங்க்ல கிடக்கிறதையும் கழுவிடு" என்றாள்.

நம் ஊருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இப்படி ஒரு வருடம் தங்கிப் படிக்க வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அறை காலியாக இருந்து, அப்படி ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், முதல் வாரம் வடை பாயசம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் வாரம் கையில் துடைப்பத்தைக் கொடுங்கள். தப்பு செய்தால் உங்கள் பிள்ளையைத் திட்டுகிற அதே குரலில் திட்டுங்கள்.