காணும் கண்ணுக்கேற்ற காட்சி

கணினி விளையாட்டில் நாம் காணும் காட்சி மாற்றவியலாத ஒன்றன்று. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ இதற்கு நல்ல சான்று. பனிமலைகளும் இருண்ட குகைகளும் நிறைந்த அவ்விளையாட்டின் ஒளியையும் நிறத்தையும் மாற்றுவதற்கென்றே ஆர்வலர்கள் ‘மோட்’ எனப்படும் துணைநிரல்கள் பலவற்றை உருவாக்கியுள்ளனர். பல விளையாட்டுகளுக்கும் பொதுவான ‘ரீஷேட்’ என்னும் கருவியும் இப்பணிக்கு உதவுகிறது.

விளையாட்டு வரைந்து முடித்த படத்தைத் திரைக்கு வருமுன் ரீஷேட் மாற்றியமைக்கிறது. அதிலுள்ள விளைவுகள் பலவற்றைக் கூட்டவும் குறைக்கவும் அளவுகள் உண்டு. ‘புளூம்’ என்னும் விளைவு, ஒளிமிக்க இடங்களைச் சுற்றி ஒளி கசிந்து படரச் செய்யும். எந்த அளவு ஒளிக்குமேல் அது செயல்பட வேண்டும் என்பதை நாம் வரையறுக்கலாம். ஆயினும் கதிரவன் எது, பனிப்பரப்பு எது என அது பிரித்தறியாது. அவ்வரம்பை மிகத் தாழ்த்தினால் பனிமலை முழுவதும் விளக்கைப்போல் ஒளிரும்.

விளைவுகள் கூடக்கூடக் கணினியின் சுமையும் கூடும். நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமெனில், ஒரு படத்தை உருவாக்கக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே. ஒவ்வொரு விளைவும் அதில் ஒரு பங்கைக் கேட்கும். எனவே, ஒருநேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றி, பகல், இரவு, குகை ஆகிய மூன்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே தக்க முறையாகும்.

இவையெல்லாம் அழகுக்கு மட்டுமே உரியன அல்ல என்பதை என் அக்காள் மகனிடம் கண்டேன். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. ஸ்கைரிமின் புல்வெளிகளில், மருந்து செய்யப் பறிக்க வேண்டிய செந்நிற மலைப்பூக்களைக் காணாமலே கடந்து செல்வான். ரீஷேட்டில் ‘டால்டனைஸ்’ என்றொரு விளைவு உண்டு. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன், தமக்கிருந்த நிறக்குறைபாட்டைத் தாமே ஆராய்ந்து 1794இல் எடுத்துரைத்தவர். அவர் பெயரை நினைவூட்டும் இவ்விளைவு, கண்ணுக்குப் புலப்படாத நிறவேறுபாட்டைப் புலப்படும் நிறங்களின் வழியே காட்டுகிறது, குறைபாட்டை நீக்குவதில்லை.

அதனை இயக்கியபின், “மாமா, இங்கே இத்தனை பூக்களா!” என வியந்தான். எனக்கோ அந்நிறங்கள் இயல்புக்கு மாறாகத் தோன்றின. அவன் பூக்களைப் பறிக்கத் தொடங்கியிருந்தான்.

பிறர் அமைத்துத் தந்த அளவுகள் நமக்குத் தொடக்கமாக உதவும். அவற்றை நம் கண்ணுக்கும் கணினிக்கும் ஏற்பத் திருத்திக்கொள்வது நம் கையில் உள்ளது.