பிடிப்பு பெட்டியிடம் இருக்கட்டும்

கிடார் பெடலை வீட்டிலேயே செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்செல்லாம் ஒலியைப் பற்றித்தான். எந்த டிரான்சிஸ்டர் போட்டால் கரகரப்பு இனிமையாக வரும், எந்த ஐசியில் இரைச்சல் குறைவு என்று விடிய விடியப் பேசுவார்கள். அடாப்டர் சொருகும் துளையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நண்பர்கள் பழுது பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவரும் பெடல்களில் ஒலிச் சர்க்யூட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டிசி ஜாக்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

திருவனந்தபுரத்துக்கு எலக்ட்ரானிக்ஸும் புதிதல்ல, கிடாரும் புதிதல்ல. கேரள அரசு மின்னணுத் தொழிலுக்கென்றே கெல்ட்ரானை 1973-இல் இங்கே தொடங்கியது. மலையாளத்தில் ராக் பாடிய அவியல் குழுவும் இந்த ஊரில்தான் உருவாயிற்று. அவர்களுடைய முதல் ஆல்பம் 2008-இல் வந்தது. இருந்தாலும் பெடலுக்கு ஜாக் வேண்டுமென்று சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் முதலில் கையில் கிடைப்பது கண்காணிப்புக் கேமராக்காரர்கள் வாங்கும் உலோக ஜாக்.

“அண்ணாச்சி, இதுவே பிளாஸ்டிக்ல இல்லையா?” என்று கேட்டேன்.

“பிளாஸ்டிக் எத்தன நாளைக்கு வே வரும்? இதக் கொண்டு போரும், காலத்துக்கும் கெடக்கும்” என்றார் நாகர்கோவில் பக்கத்துக் கடைக்காரர்.

கேமராவுக்கு அவர் சொன்னது சரி. பெடலுக்கு அது பொருந்தாது. காரணம் மின்முனைகள் அமைந்திருக்கும் முறை. கேமரா அடாப்டரில் பிளஸ் நடுவில் இருக்கும். கிடார் பெடலில் வழக்கம் நேர் எதிர்: 9 வோல்ட், நடுவில் மைனஸ், வெளிவளையத்தில் பிளஸ். பாஸ் நிறுவனம் 1977-இல் தன் சிறிய பெடல்களை விற்கத் தொடங்கியது. அதன் பெடல்கள் பரவப் பரவ இந்த முறையும் ஊரெங்கும் நிலைத்துவிட்டது. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பேட்டரியின் மைனஸை, கிடார் ஒயரை உருவும்போது இன்புட் ஜாக்கே துண்டித்துவிடும். அடாப்டரைச் சொருகும்போது பேட்டரியின் பிளஸைத் துண்டிக்க வேண்டியது டிசி ஜாக். அதற்குள் இருக்கும் சுவிட்ச் தகடு வெளிவளையத்தோடு சேர்ந்தது. ஆகவே பிளஸும் வெளிவளையத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

அலுமினியப் பெட்டியோ மைனஸோடு இணைந்திருக்கும். வெளி இரைச்சல் உள்ளே புகாமல் தடுப்பதே அந்த இணைப்புதான். பிளஸ் ஓடும் உலோக ஜாக்கை அந்தப் பெட்டியில் திருகினால் அடாப்டர் நேராக ஷார்ட் ஆகும். ஆகவே பெடலுக்குப் பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக்தான். அதன் நடு ஊசி 2.1 மி.மீ., சொருகும் பிளக்கின் வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்று பார்த்து வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் என்றதும் வலு பற்றிய கவலை வருவது நியாயமே. மேடையில் பெடல் காலடியில் கிடக்கிறது. அடாப்டர் ஒயரில் யாராவது இடறுவார்கள். நிகழ்ச்சி முடிந்த அவசரத்தில் பிளக்கைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுப்பார்கள். அந்த இழுவிசையை எது தாங்குகிறது என்பதுதான் கேள்வி. ஜாக்கைப் போர்டிலேயே சால்டர் செய்துவிட்டுப் பெட்டியில் துளை மட்டும் விட்டால், இழுப்பு முழுவதும் ஈயத்தின் மேல் விழும். ஈயம் நெற்றிப் பொட்டு மாதிரி, ஒட்டிக்கொண்டிருக்கும், சுமக்காது. நாளடைவில் போர்டின் செப்புத் தடம் பெயர்ந்து வரும்.

பெட்டியோடு நட் போட்டு இறுக்கும் ஜாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்றை வெளியிலிருந்து நுழைத்து உள்ளே நட் போட வேண்டும். அதன் விளிம்பு பெட்டியின் வெளிப்புறத்தில் உட்காருவதால் பிளக்கை எவ்வளவு அழுத்திச் சொருகினாலும் தாங்கும். ஆனால் ஒயர்களைத் துளை வழியாக விட்டு உள்ளே சால்டர் செய்ய வேண்டும். பிறகு சர்க்யூட்டை வெளியே எடுக்க அந்த ஒயர்களை மறுபடி பிரித்தாக வேண்டும். இன்னொன்றை உள்ளிருந்து நுழைத்து வெளியே நட் போடலாம். சால்டர் வேலையை மேசையில் முடித்துவிட்டு அப்படியே பெட்டிக்குள் இறக்கலாம். சொருகும் அழுத்தம் நட்டின் பிளாஸ்டிக் மரையில் விழும் என்பது மட்டுமே இதன் குறை. பழுது பார்க்கிறவனுக்கு இரண்டாவதுதான் வசதி. என் ஓட்டும் அதற்கே.

எந்த வகையானாலும் ஜாக்கின் ஆயுள் துளையில் இருக்கிறது. நட் போடும் பிளாஸ்டிக் ஜாக்குகள் பெரும்பாலும் 12 மி.மீ. துளை கேட்கும். ஆனாலும் வாங்கிய ஜாக்கை அளந்த பிறகே டிரில்லைத் தொட வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டி, சென்டர் பஞ்ச்சால் ஒரு தட்டுத் தட்டி, 3 மி.மீ. துளையில் தொடங்கி, ஸ்டெப் பிட்டால் மெல்ல அகலப்படுத்தினால் துளை வட்டமாக வரும். பிசிறை அரத்தால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கின் விளிம்பு சமமாகப் படியாது. பலரும் வாங்கும் 1590பி பெட்டி சுமார் 112 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 31 மி.மீ. உயரம்தான். துளை போடுமுன் ஆடியோ ஜாக்கையும் கால் சுவிட்சையும் பெட்டிக்குள் வைத்து, டிசி ஜாக்கின் வால் எதிலும் இடிக்கவில்லையா என்று பார்ப்பது நல்லது.

சால்டர் செய்யும்போது ஜாக்கில் ஒரு பிளக்கைச் சொருகி வைத்தால், சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் இடம் மாறாது. ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒரு சிறு திருப்பு; அதற்கு மேல் போனால் மரை வழுக்கும். தளராமலிருக்க நட்டின் ஓரத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டுப் போதும். சூப்பர் குளூ வேண்டாம். அது உள்ளே கசிந்து முனைகளை மூடிவிடும்.

இந்த ஊரின் கடற்காற்றையும் மழைக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடும் ஜாக்கில் முனைகள் உரசித் தேயும். ஈரக்காற்று பட்ட இடத்தில் களிம்பு ஏறும். பாட்டின் நடுவே பெடல் அணைந்து எரிவது இதனால்தான்.

மூடியைப் பூட்டுமுன் மல்ட்டிமீட்டரை எடுங்கள். பிளஸுக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. மைனஸுக்கும் பெட்டிக்கும் இடையே இருக்க வேண்டும். கேமரா அடாப்டரைத் தவறிச் சொருகுகிறவர் வீட்டிலேயே இருப்பார். அவருக்காகப் பிளஸ் ஒயரில் 1என்5817 டையோடு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஈயத்தின் வேலை மின்சாரத்தைக் கடத்துவது. இழுப்பைத் தாங்கும் வேலையைப் பெட்டியிடம் கொடுங்கள்.