பிளேன்ல ஒரு மணி நேரம்!

மதுரையில் இருக்கும் அப்பாவிடம் ஆறு வருடமாக ஒரே டயலாக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ''கவலைப்படாதீங்கப்பா. ஏதாவதுன்னா பிளேன்ல ஒரு மணி நேரத்துல வந்துருவேன்.''

பொய் என்றும் சொல்ல முடியாது சார். சென்னையிலிருந்து மதுரைக்கு ஆகாய மார்க்கமாக சுமார் 420 கிலோமீட்டர். ரோடு வளைந்து நெளிந்து 460 ஆகிறது. ரயில் இன்னும் சுற்றி 490-ஐத் தாண்டும். விசிறி வைத்த குட்டி விமானம்கூட மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் ஐம்பது நிமிஷம். பி.காம். படித்தவன், வகுத்தல் எல்லாம் சரியாகத்தான் வரும். எதை எதைக் கூட்ட வேண்டும் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

போன வருடம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா போன். அப்பாவுக்கு நெஞ்சு வலி, காலையில் பத்து மணிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி. தாம்பரத்தில் இருக்கும் தம்பி கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறப் போவதாகச் சொன்னான். ''பஸ்ஸா? நீ இறங்கி டீ குடிக்கிறதுக்குள்ள நான் அங்க இருப்பேன்டா'' என்றேன். காலை 7.20 விமானத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. விலையைப் பிறகு சொல்கிறேன்.

அம்பத்தூர் வீட்டிலிருந்து கிளம்பும்போது மணி 4.30. கால் டாக்ஸி வழியில் கேஸ் போட ஒதுங்கியது. மீனம்பாக்கத்தில் க்யூ, பெல்ட்டைக் கழற்று, மறுபடி மாட்டு, மறுபடி க்யூ. அப்புறம் 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று ஓர் இனிமையான குரல். ஐம்பது நிமிஷம் வருந்தினார்கள்.

பறந்தது என்னவோ ஒரு மணி நேரம்தான். அதில் குறையே இல்லை. திருச்சிப் பக்கம் காவிரி மணல்கூடத் தெரிந்தது. இறங்கி, பெட்டி வந்து, ஊருக்குத் தெற்கே இருக்கும் ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிப் படி ஏறியபோது 10.35. மொத்தம் ஆறு மணி ஐந்து நிமிஷம். இப்போது வகுத்தால் மணிக்கு 70 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. விடியற்காலையில் எழும்பூரில் வந்தே பாரத்தைப் பிடித்திருந்தால் அதே நேரத்துக்கு மதுரை ஜங்ஷனில் இறங்கியிருக்கலாம்.

அப்பாவை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. சம்மதப் படிவத்தில் தம்பி கையெழுத்து. எட்டு மணிக்கே வந்துவிட்டானாம். டீயும் குடித்துவிட்டானாம்.

''ஏழு மணிக்கே நர்சம்மாகிட்ட சொல்லிட்டாருடா'' என்றாள் அம்மா. '''பெரியவன் பிளேன்ல வர்றான், ஒரு மணி நேரம்தான்'னு. ஒன்பது வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் கேக்கல.''

ஆறு வருடம் நான் சொன்னதை அந்த மனுஷர் அப்படியே நம்பியிருக்கிறார். நான் வராந்தாவில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. போய் ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தான்.

சாயங்காலம் பார்க்க விட்டார்கள். அப்பா கண்ணைத் திறந்தார்.

''எத்தனை மணிக்குக் கிளம்பின?''

''நாலரைக்குப்பா.''

சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டுறவு சொசைட்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர்.

''டிக்கெட் எவ்வளவு?''

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, ''தம்பி கூடவே பஸ்ல வந்திருக்கலாம்ல?'' என்று கண்ணை மூடிக்கொண்டார்.